எட்டுப் போட்டுக் கற்ற திருமலை வீதிகள்

திருகோணமலை மாவட்டத்தின் நிலப்படத்தை மேசைமீது விரித்து வைத்து நோக்குவோர்க்கு முதலில் ஒரு மயக்கம் உண்டாகும். நிலத்தினுள்ளே கடல் புகுந்ததா, கடலினுள்ளே நிலம் நடந்து சென்றதா என்று துணிந்து கூறல் அரிது. உட்துறைமுகம், தம்பலகாமக் குடா, கொட்டியாரக் குடா என நீரானது பல பக்கங்களிலும் கை நீட்டி நிலத்தைத் தழுவிக்கொண்டிருக்கின்றது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென மாலுமிகள் போற்றும் இவ்வமைப்பு, கப்பலுக்கு எத்துணை வசதியோ கரையில் வாழ்பவனுக்கு அத்துணைச் சுற்று. கோணேசர் வீற்றிருக்கும் மலையில் நின்று தெற்கே பார்த்தால் மூதூர்க் கரை கண்ணுக்கு எட்டும். வீதிவழியே அங்கு செல்ல விரும்புவோரோ துறைமுகத்தைச் சுற்றிச் சீனன்குடா, கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என நீருக்கு மேல் நீராகக் கடந்தாக வேண்டும்.

இம்மாவட்டத்தார் ‘பாதை’ என்று கூறினால் வெளியூர் வாசகர்கள் வீதி என்று பொருள் கொள்ளலாகாது. ஆளையும் ஆட்டையும் சைக்கிளையும் ஒருங்கே ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கே இங்கு பாதை என்று பெயர். கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமான பாலம் 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் திறக்கப்படும் வரை, பாதைக்குக் காத்து நிற்பதிலேயே மக்களின் வாழ்நாளிற் பெரும்பகுதி கழிந்தது. அதனை அடுத்துத் தெற்கிலும் பாலங்கள் எழுந்தன. எனினும் பாதையின் காலம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி காலை, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடைபெற்றுக்கொண்டிருந்த இடத்தில் மக்களை ஏற்றிச் சென்ற மிதவை கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட அறுவர் அன்றே மாண்டனர். இம்மாவட்டத்தில் ஒருவர் வீட்டிலிருந்து பாடசாலைக்குச் சென்று மீள்வது எத்தகைய காரியம் என்பதை அந்தக் காலை நாடறியச் செய்தது.

நாம் மோட்டார் சைக்கிள் கற்க நேர்ந்ததும் ஒரு பாடசாலையின் பொருட்டே. மூதூர்ப் பக்கத்து உயர்தர மாணவர் சிலருக்குச் சனிக்கிழமை தோறும் பௌதிகவியல் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றோம். பஸ் உண்டு, ஆனால் வகுப்புத் தொடங்கும் வேளைக்கும் பஸ் வந்து சேரும் வேளைக்கும் பொருத்தம் பார்த்தால் எந்தச் சோதிடரும் ‘இல்லை’ என்றே கூறுவார். துவிச்சக்கர வண்டியோ நகரினுள் நமக்குப் பல்லாண்டு உற்ற துணை. அத்துணைத் தூரத்துக்கு அதுவும் நமது முழங்காலும் உடன்படவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியர் ஒருவர் ‘லேர்னர்ஸ்’ வாசலில் நிற்பதைப் பழைய மாணவர் பார்த்தால் என்ன நினைப்பர் என்று வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. மாணவரின் நிலையை இடைக்கிடை அநுபவித்துப் பார்ப்பது ஆசிரியருக்கு நல்லதென்று விடை கூறிப் புறப்பட்டோம்.

முதலிற் செல்ல வேண்டிய இடம் வைத்தியரிடம். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ் இன்றி விண்ணப்பம் நகராது. கண்ணைச் சோதிக்கின்றனர், உடல்நிலை பற்றி வினவுகின்றனர். கண்ணாடி அணிபவராயின் அணிந்தே ஓட்டுக என்பது விதி. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை முதலியவற்றோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குச் சென்றால் எழுத்துப் பரீட்சைக்கு நாள் குறித்துத் தருகின்றனர். நாற்பது வினாக்கள், விடைகளுள் சரியானதைத் தெரிய வேண்டும். இதிற் சித்தியெய்திய பின்னரே பயிலுநர் அனுமதிப்பத்திரம் கைக்கு வரும். அதன்பின் வண்டியின் முன்னும் பின்னும் சிவந்த ‘எல்’ பலகையைக் கட்டிக்கொண்டு வீதியில் இறங்கலாம். செய்முறைப் பரீட்சைக்கு மேலும் மூன்று மாதம் பொறுத்திருத்தல் வேண்டும். இவை யாவும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் வழிவந்த ஒழுங்குகள்.

அப்பரீட்சை மண்டபத்தைப் பற்றி ஒரு சொல் கூறாமற் போக மனம் வரவில்லை. திருமலையின் மூவினத்தாரும் அருகருகே அமர்ந்து ஒரே வினாவுக்கு விடை தேடும் இடங்கள் பல இல்லை. இஃது அவற்றுள் ஒன்று. நமக்கு இடப்புறம் சிங்கள மீனவ இளைஞர் ஒருவர். வலப்புறம் கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் ஆசிரியை. வினாத்தாள் அவரவர் மொழியில். வீதிக் குறியீட்டுக்கோ மொழியே இல்லை. மஞ்சள் நிறச் சாய்சதுரம் ‘முன்னே ஆபத்து’ என்கிறது. சிவப்பு வளையம் ‘செய்யாதே’ என்கிறது. நீல வட்டம் ‘இதைச் செய்’ என்கிறது. பரீட்சை தொடங்குமுன் அவ்விளைஞர் தமது புத்தகத்திலிருந்த ஒரு குறியீட்டைச் சுட்டிப் புருவத்தை உயர்த்தினார். நாம் சுற்றுவட்டம் ஒன்றைக் கைவிரலால் மேசையில் வரைந்து, வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பதைச் சைகையாற் காட்டினோம். ஆசிரியை சிரித்தபடி அதனைச் சிங்களத்திற் சொல்லி முடித்தார்.

பயிற்சி ஒரு வெறும் மைதானத்தில், விடியற்காலையில். பயிற்றுநர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். வயதில் நம்மினும் மூத்தவராதலின் நானா என்றே அழைத்தோம். அவரோ நம்மைச் ‘சேர்’ என்றார். கட்டளையிடும் போதும் ‘சேர்’ குறையவில்லை. தரையில் எட்டு என்னும் இலக்கத்தைப் பெரிதாகக் கோடிட்டு, அதன் ஓரங்களிற் கம்புகளை நட்டு வைத்திருந்தார். கால் நிலத்திற் படாமலும் கம்பு விழாமலும் அந்த எட்டினுள் வளைந்து வருவதே வித்தை. வேகமாகச் செல்வது எளிது. மெல்லச் செல்வதே கடினம் என்பதை இதனினும் தெளிவாக எந்த ஆய்வுகூடமும் காட்டாது.

காரணம் யாதென மாணவர்க்கு விளங்கும்படி கூறலாம். இருசக்கர வண்டி தானே நிமிர்ந்து நிற்பதில்லை. எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கம் முன்சக்கரத்தைச் சிறிது திருப்ப, வண்டியின் அடித்தளம் சாய்வுக்குக் கீழே ஓடிச் சென்று அதனைத் தாங்கிக்கொள்கின்றது. வேகம் மிகுதியாயின் மயிரிழை திருப்பம் போதும். வேகம் குறையக் குறையத் திருப்பம் பெரிதாக வேண்டும். கை அதற்குள் பதறிவிடும். அதனாலேயே எட்டுப் போடும்போது கிளட்சைப் பாதி பிடித்து, அக்சிலேட்டரை ஒரே சீராக வைத்து, பின்பிரேக்கை மெல்ல அழுத்தி, எந்திரத்துக்கும் பிரேக்குக்கும் இடையே இழுபறியாக வண்டியை நிலைநிறுத்துகின்றனர். நானாவுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. “கம்பைப் பாராதீங்க சேர். பார்த்தா கம்புக்குத்தான் போவீங்க. போற இடத்தைப் பாருங்க” என்றார். பௌதிகவியலில் இதற்குச் சமன்பாடு இல்லை; ஆயினும் முற்றிலும் உண்மை.

பிறிதொரு செய்தி நம்மையே வியக்க வைத்தது. வேகமாய்ச் செல்லும்போது இடப்புறம் திரும்ப வேண்டுமாயின் இடக்கைப் பிடியை முன்னோக்கி மெல்லத் தள்ளுதல் வேண்டும். அஃதாவது சக்கரம் கணப்பொழுது வலப்புறம் நோக்க, வண்டி இடப்புறம் சாய்ந்து அப்பக்கமே வளைகின்றது. புத்தகத்திற் படித்திருந்தோம், கையால் உணர்ந்தது அன்றுதான். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவனும் நம்பவில்லை. நாள்தோறும் அதனையே செய்துகொண்டு வருகின்றவர்களும் நம்பவில்லை!

மைதானத்தை விட்டு நகர வீதிக்கு வந்த பின்னர் திருமலை புதியதோர் ஊராகத் தோன்றியது. நடந்து செல்பவனும் பஸ்ஸில் அமர்ந்திருப்பவனும் காணாதவற்றைப் பயிலுநர் காண்கின்றார். உவர்மலையை எடுத்துக்கொள்வோம். ஓர் என்னும் ஆங்கிலப் பெயரோடு வழங்கிய குன்று தமிழ் நாவில் உவர்மலையாகிவிட்டது. பெயரில் உவர்ப்பு இருந்தாலும் காட்சி இனிது. அந்த ஏற்றத்தின் நடுவே வண்டியை நிறுத்தி, பின்னே உருளாமல் மீண்டும் புறப்படச் செய்வதோ பயிலுநருக்குத் தனிப்பாடம். கடலோர வீதிகளிலே காற்று வாரிக் கொட்டும் மெல்லிய மணல் கண்ணுக்குத் தெரியாது. திருப்பத்தில் ரயருக்குத் தெரியும். வடகீழ்ப் பருவமழை தொடங்கிய பின்னர் பள்ளமெது, வெள்ளமெது என்று பிரித்தறிதல் இயலாது. அக்காலத்தில் முன்னே செல்பவர் எவ்விடத்தில் வளைகின்றார் என்பதை நோக்குவதே நல்வழி.

எல்லாவற்றுக்கும் மேலாக மான்கள். பிரடெரிக் கோட்டையுள்ளும் அதனை அண்டிய கடற்கரையிலும் புள்ளிமான்கள் கூட்டங்கூட்டமாய் உலாவுவதைச் சுற்றுலாப் பயணிகள் படம் பிடித்துச் செல்வர். கோணேசரைத் தரிசிக்கச் செல்வோரிடம் அவை உரிமையோடு கை நோக்கி வரும். மாலை மங்கியதும் அவற்றுட் சில நகர வீதிகளில் இறங்கிக் குப்பைத் தொட்டிகளை ஆராய்கின்றன. ஒரு மான் வீதியைக் கடந்தால் அதன் பின்னே இன்னொன்று வரும் என்பது இவ்வூரில் எழுதப்படாத வீதிச்சட்டம். நகரினுள் மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது மோட்டார் சைக்கிளுக்குரிய மேலெல்லை. அவ்வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் செல்கின்றது. மானைக் கண்ட கண் கைக்குச் செய்தி அனுப்பிக் கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி கழிகின்றதெனக் கொண்டால், அந்தப் 14 மீற்றரும் பிரேக்கே இல்லாத பயணம். அதன்பின் உலர்ந்த தார் வீதியில் நிற்பதற்கு அதேயளவு தூரம் வேண்டும். ஆக மூன்று பஸ் வண்டிகளை வரிசையாய் நிறுத்திய நீளம்! மணிக்கு 70 எனக் கணக்கிட்டால் அது 45 மீற்றரைத் தாண்டும். இக்கணக்கைக் கரும்பலகையிற் போட்ட அன்று வகுப்பறை வழக்கத்துக்கு மாறாக அமைதியாயிருந்தது.

அமைதிக்குக் காரணம் இருந்தது. அந்த வகுப்பிலேயே சில ஆண்டுகளுக்கு முன் படித்த பிள்ளை ஒருவன், பரீட்சைப் பெறுபேறு வெளியான வாரத்தில் தமையனின் வண்டியை எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் புறப்பட்டான், திரும்பவில்லை. அனுமதிப்பத்திரம் பெறும் வயதை அவன் அப்போது எட்டவில்லை. தலைக்கவசம் அவனது முழங்கையிலே தொங்கியிருந்தது. அதிற் கீறல்கூட விழவில்லை என்று கண்டவர் கூறினர். அக்கவசத்தை அவன் தாயார் இன்றும் வீட்டில் வைத்திருக்கின்றார். நாம் அவ்வீட்டுக்குச் சென்றபோது அது பெறுபேற்றுத் தாளின் அருகே இருந்தது.

இலங்கையிற் பதிவு செய்யப்பட்ட வாகனங்களுட் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்களே. வீதியில் உயிர் துறப்போருள்ளும் அவற்றிற் செல்வோரே மிகுதி. தலைக்கவசம் அணிவதால் மரண ஆபத்து ஏறத்தாழ 42 வீதமும் தலைக்காய ஆபத்து 69 வீதமும் குறைகின்றன என்று பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கு திரட்டி நோக்கிய மருத்துவ அறிஞர் கண்டுள்ளனர். ஆனாலும் பொலிஸார் நிற்கும் சந்திக்கு முன் கவசம் தலைக்கு ஏறுவதும், சந்தி கடந்ததும் முழங்கைக்கு இறங்குவதும் நமது வீதிகளில் அன்றாடக் காட்சி. கவசம் பொலிஸாருக்காக அணியும் ஆபரணம் என்று எவர் கற்பித்தாரோ தெரியவில்லை. பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் திறப்பைக் கொடுத்துக் “கடைக்குத்தானே, கெதியாய் வா” என்று அனுப்பும் தந்தையர் நம்மிடையே பலர். ‘கெதியாய்’ என்ற அச்சொல்லையாவது அவர்கள் விட்டுவிடலாம். அனுமதிப்பத்திரம் இல்லாதவன் ஓட்டிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைவிரிக்க இடமுண்டு என்பதை எத்தனை வீட்டார் அறிவர்?

மூதூர் நோக்கிய வீதி வேறோர் உலகம். துறைமுகக் கரையிலுள்ள மா ஆலையிலிருந்தும் சீமெந்து ஆலையிலிருந்தும் புறப்படும் பெருலொறிகள் முன்னும் பின்னும் வரும். லொறியின் பக்கக் கண்ணாடியில் சாரதியின் முகம் நமக்குத் தெரியாவிடின் நாமும் அவருக்குத் தெரியோம் என்பது நானாவின் மற்றொரு சூத்திரம். புகையிரதக் கடவையில் தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்தால் சக்கரம் வழுக்கும். நேர்குறுக்காகக் கடத்தல் வேண்டும். மழைநாளில் இது மிகமிக அவசியம்.

சீனன்குடாவை அண்டியதும் மரங்களின் இடையே துருப்பிடித்த பேருருவங்கள் தோன்றும். அவையே பேர்பெற்ற எண்ணெய்க் குதங்கள். தமது கடற்படைக்கென ஆங்கிலேயர் அமைத்தவை. இன்று 99 எஞ்சியுள்ளன. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருமலையைத் தாக்கியபோது இவற்றுள் ஒன்று எரிந்தழிந்தது. 1957இல் ஆங்கிலேயர் தளத்தைக் கையளித்துச் சென்ற பின்னர் பெரும்பாலானவை நெடுங்காலம் காட்டுக்கொடிகளுக்குக் கொழுகொம்பாயின. 2022 சனவரியில் செய்த உடன்படிக்கைப்படி, 14 குதங்கள் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், ஏனைய 61 இவ்விரண்டும் கூடிய நிறுவனத்துக்கும் என வகுக்கப்பட்டன. அதே ஆண்டின் நடுப்பகுதியில் நாடெங்கும் பெற்றோல் அருகிப்போயிற்று. பத்து இலட்சம் தொன் அளவுக்கு எண்ணெய் கொள்ளக்கூடிய குதங்களின் அயலிலேயே மக்கள் நாட்கணக்காய் வரிசையில் நின்றனர். யூலையிற் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு நான்கு லீற்றர். அக்காலத்திற் பல ஆசிரியர் தமது வாரப் பயணத்தை லீற்றரில் எண்ணினர். மறு ஆண்டு செப்டம்பரில் அப்பங்கீடு நீங்கியது. ஆயினும் கியரை எங்கே மாற்றினால் எண்ணெய் மிச்சமாகும் என்ற அறிவு இவ்வூரார்க்கு அந்நாளில் வாய்த்ததே.

கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது கவசத்தினுள்ளே காற்று இரைகின்றது. ஒருபுறம் தம்பலகாமக் குடாவின் அமைதி. மறுபுறம் கொட்டியாரக் குடாவின் விரிவு. அழகில் மயங்கிக் கைப்பிடியைத் தளரவிடலாகாது. பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். எதிரே வெண்ணிற உடையில் ஸ்கூட்டியிற் செல்லும் ஆசிரியைகளைக் காலைதோறும் காணலாம். தாயின் பின்னே புத்தகப் பையோடு பிள்ளை. இருவர் தலையிலும் கவசம். அரைநாளைப் பாதையிலேயே கழித்த ஊரில் ஒரு பெண் தானே புறப்பட்டுத் தானே மீள்கின்றாள் என்றால், கையிலுள்ள அந்தச் சிறு அட்டையின் பெறுமதியை எவ்வாறு அளப்பது? எழுத்துப் பரீட்சையில் நமக்கு வலப்புறம் அமர்ந்திருந்த ஆசிரியையையும் ஒரு நாள் அங்கே கண்டோம். வண்டியை நிறுத்தாமலே தலையசைத்துச் சென்றார்.

செய்முறைப் பரீட்சை அன்று பத்துப் பேருக்கு மேல் வரிசையில் நின்றோம். நம்மையன்றி அனைவரும் இளைஞர். வேகமாய் ஓட்டிப் பழகிய இருவர் எட்டின் நடு வளைவிற் கால் ஊன்றிவிட்டு, தம்மையே நம்பாதவர் போல நின்றனர். நாம் போகுமிடத்தைப் பார்த்தோம். கம்புகள் அவ்வவ்விடத்திலேயே நின்றன. நானா வாய்திறந்து ஒன்றும் பாராட்டவில்லை. “சேர், இனி ‘எல்’ பலகையைக் கழட்டலாம். ஆனா மனசில இருந்து கழட்டாதீங்க, ஒரு வருசத்துக்கு” என்றார்.

இப்போது சனிக்கிழமைகளில் வகுப்பு உரிய வேளையிலே தொடங்குகின்றது. சென்ற வாரம் வேகமும் நேரமும் பற்றிய பாடம் முடிந்த பின்னர், மாணவியர் இருவரும் மாணவன் ஒருவனும் எழுந்து செல்லாமல் நின்றனர். மூவரும் பதினெட்டை எட்டியவர்கள். வைத்தியச் சான்றிதழுக்கு எங்கே செல்வது, வினாத்தாள் தமிழில் இருக்குமா, கண்ணாடி அணிந்தால் தடையுண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டனர். மாணவன் வண்டியில் ஏற்கெனவே வல்லவனாம்; ஆதலால் அவனுக்கு எட்டைப் பற்றிக் கவலையில்லை. மாணவியருள் ஒருத்தி மட்டும் குறிப்பேட்டைத் திறந்து, எட்டின் படத்தை வரையும்படி கேட்டாள். வரைந்து கொடுத்தோம். அவள் அதனைக் கூர்ந்து நோக்கி, “சேர், இதில் எந்தப் பக்கத்தால் உள்ளே போவது?” என்றாள்.